பூட்லோடர் பாதுகாப்புக் குறைகளும் அவற்றின் திருத்தமும்

பூட்லோடர் என்பது கணினியின் மின்விசையை அழுத்துவதற்கும் இயங்குதளம் திரையில் தோன்றுவதற்கும் இடைப்பட்ட சில நொடிகளில் இயங்கும் ஒரு சிறிய நிரல் ஆகும். தமிழில் இதனைத் தொடக்க ஏற்றி என்றும் குறிப்பர். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை வன்தட்டிலிருந்து தேடி எடுத்து, நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்வதே இதன் பணி. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் கிரப் 2 என்னும் பூட்லோடரும், விண்டோஸ் கணினிகளில் விண்டோஸ் பூட் மேனேஜரும் இப்பணியைச் செய்கின்றன.

பிற மென்பொருள்களைப் போலவே பூட்லோடரிலும் பிழைகள் இருக்கும். அவை கண்டறியப்பட்டால் திருத்திய பதிப்பு புதுப்பிப்பாக வெளியாகும். ஆனால் உலாவியையோ சொற்செயலியையோ புதுப்பிப்பதுபோல் இது அத்துடன் முடிந்துவிடுவதில்லை. திருத்திய பதிப்பை எல்லோரும் நிறுவிய பின்னும் பழைய பதிப்பு உலகில் எங்கோ இருந்துகொண்டே இருக்கிறது. அதைக் கணினி இன்னமும் நம்புகிறது. அந்த நம்பிக்கையை நீக்குவதுதான் கடினமான வேலை. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த பூட்ஹோல் என்னும் குறையும் அதைத் தொடர்ந்து நடந்தவையும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பூட்லோடர் இருக்கும் இடம்

கணினியை இயக்கியவுடன் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் இது பயாஸ் எனப்பட்டது. இன்றைய கணினிகளில் யூஇஎஃப்ஐ எனப்படுகிறது. ஃபர்ம்வேர் நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு ஆகியவற்றைத் தயார்ப்படுத்தியபின், வன்தட்டின் ஒரு சிறிய பகிர்வில் இருக்கும் பூட்லோடரை அழைக்கிறது. பூட்லோடர் கெர்னலை அழைக்கிறது. கெர்னல் மற்ற அனைத்தையும் அழைக்கிறது. அஞ்சலோட்டத்தில் கோல் கைமாறுவதைப்போல் கட்டுப்பாடு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் செல்கிறது.

இந்த வரிசையில் முன்னால் இருப்பவர் கெட்டவராக இருந்தால் பின்னால் வருபவர்களால் எதுவும் செய்ய இயலாது. நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் இயங்கத் தொடங்குவதற்கு முன்பே பூட்லோடர் தன் வேலையை முடித்துவிடுகிறது. எனவே பூட்லோடரைக் கைப்பற்றிய ஒரு தீநிரல், பின்னால் வரும் காவல் மென்பொருளையே நிறுத்திவைக்க முடியும்; அல்லது ‘எல்லாம் சரியாக உள்ளது’ என்று அதை நம்பவைக்க முடியும். இவ்வகைத் தீநிரல்களுக்கு பூட்கிட் என்று பெயர்.

செக்யூர் பூட்டும் ஷிம்மும்

பூட்கிட்டுகளைத் தடுப்பதற்காக யூஇஎஃப்ஐயில் சேர்க்கப்பட்ட ஏற்பாடே செக்யூர் பூட். நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று ஃபர்ம்வேரில் வைக்கப்பட்டிருக்கும். பூட்லோடரில் உள்ள மின்னொப்பம் அச்சான்றிதழ்களுள் ஒன்றோடு பொருந்தினால் மட்டுமே அதை இயங்க விடும், இல்லையேல் மறுக்கும். இந்தப் பட்டியலை டிபி என்பர். இதற்கு எதிரான பட்டியல் ஒன்றும் உண்டு. ஒப்பம் சரியாக இருந்தாலும் இயங்க விடக்கூடாதவற்றின் பட்டியல் அது. அதன் பெயர் டிபிஎக்ஸ். கட்டுரையின் பிற்பகுதியில் இது பலமுறை வரும் என்பதால் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கடைகளில் விற்கப்படும் பெரும்பாலான கணினிகளின் ஃபர்ம்வேரில் இருப்பவை மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சான்றிதழ்கள். அப்படியானால் லினக்ஸ் எப்படித் தொடங்கும்? கிரப் 2இன் ஒவ்வொரு பதிப்பையும் மைக்ரோசாப்டிடம் கொடுத்து ஒப்பம் பெறுவது நடைமுறைக்கு ஒத்துவராது. 2012இல் மேத்யூ கேரட் இதற்காக ஷிம் என்னும் மிகச் சிறிய நிரலை உருவாக்கினார். அட்டையின் கீழ் செருகும் ஆப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. மைக்ரோசாப்ட் ஷிம்முக்கு மட்டும் ஒப்பமிடுகிறது. ஷிம்மினுள் அந்தந்த லினக்ஸ் வழங்கலின் சொந்தச் சான்றிதழ் இருக்கும். உபுண்டுவின் ஷிம், உபுண்டு ஒப்பமிட்ட கிரப்பை ஏற்கும். ஃபெடோராவின் ஷிம், ஃபெடோரா ஒப்பமிட்ட கிரப்பை ஏற்கும். ஆக, ஃபர்ம்வேர், ஷிம், கிரப், கெர்னல் என்று நான்கு கண்ணிகள் கொண்ட நம்பிக்கைச் சங்கிலி உருவாகிறது.

28 முறை அழித்தல் விசை

பூட்ஹோலுக்கு முன், 2015 டிசம்பரில் வெளியான ஒரு குறையைப் பார்ப்பது பயன்தரும். வகுப்பில் நிரலாக்கம் சொல்லித்தருவோர் இதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம், அவ்வளவு எளிது.

கிரப் 2க்குக் கடவுச்சொல் வைக்க முடியும். பயனர்பெயர் கேட்கும் இடத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தட்டாமல், அழித்தல் விசையை மட்டும் 28 முறை அழுத்தினால், கடவுச்சொல் இன்றியே மீட்பு முனையம் திறந்துகொண்டது. ஸ்பெயின் நாட்டின் வலென்சியா பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எக்டர் மார்கோ, இஸ்மாயில் ரிபோல் ஆகிய இருவர் இதைக் கண்டறிந்தனர். காரணம் இதுதான்: விசையை அழுத்தும்போதெல்லாம் நிரல், தட்டிய எழுத்துகளின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்தது. எண்ணிக்கை ஏற்கெனவே சுழியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சுழியிலிருந்து மேலும் மேலும் கழிக்கக் கழிக்க, நினைவகத்தில் தனக்குரிய இடத்துக்கு முன்னால் இருந்த பகுதியில் நிரல் எழுதத் தொடங்கியது. சிவிஇ-2015-8370 என்ற எண் பெற்ற இக்குறை, 1.98 பதிப்பிலிருந்து 2015 வரை எவர் கண்ணிலும் படாமல் இருந்தது.

திருத்தம் ஒரு வரியில் முடிந்தது. அழித்தல் விசையை ஏற்பதற்கு முன் எண்ணிக்கை சுழியைவிடப் பெரிதா என்று சரிபார்க்கும் ஒரு நிபந்தனை, அவ்வளவே. லினக்ஸ் வழங்கல்கள் புதுப்பிப்பை வெளியிட்டன. நிறுவிய கணினிகளில் ஓட்டை அடைபட்டது. யாரும் அதற்குமேல் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை. ஏனென்றால் இங்கே தாக்குபவர், அக்கணினியில் ஏற்கெனவே இருக்கும் கிரப்பைத்தான் ஏமாற்ற வேண்டும். அதைத் திருத்திவிட்டால் வழி அடைபடுகிறது.

பூட்ஹோல்

பூட்ஹோல் அப்படிப்பட்டதன்று. அமெரிக்காவின் எக்லிப்சியம் நிறுவனத்து ஆய்வாளர்கள் கண்டறிந்த இக்குறை 2020 ஜூலை 29 அன்று பொதுவெளியில் அறிவிக்கப்பட்டது. எண்: சிவிஇ-2020-10713.

கிரப் 2 எந்தக் கெர்னலை எந்த அமைவுகளோடு ஏற்ற வேண்டும் என்பதை ஓர் உரைக்கோப்பிலிருந்து படிக்கிறது. கிரப்.சிஎஃப்ஜி எனப்படும் இக்கோப்பு கணினிக்குக் கணினி மாறும். ஒருவரின் வன்தட்டு வேறு, மற்றவரின் வன்தட்டு வேறு. ஆகவே லினக்ஸ் வழங்கல்கள் இதற்கு முன்கூட்டியே ஒப்பமிட்டு அனுப்ப முடியாது. பொதுவாக இக்கோப்பு ஒப்பம் இன்றியே இருக்கும். சங்கிலியின் நான்கு கண்ணிகளும் ஒப்பத்தால் காக்கப்பட, நடுவில் இந்த ஒரு கோப்பு மட்டும் திறந்த சன்னல்போல் இருந்தது.

கோப்பைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கும் பகுதியை கிரப் 2, ஃப்ளெக்ஸ் என்ற கருவியைக் கொண்டு உருவாக்கியிருந்தது. ஃப்ளெக்ஸ் உண்டாக்கிய நிரல் கவனமானதுதான். ஒரு சொல் தனக்கென ஒதுக்கப்பட்ட நினைவகப் பஃபரில் அடங்காத அளவுக்கு நீளமாக இருந்தால், அது ‘மீளமுடியாப் பிழை’ என்று ஒரு செயற்கூற்றை அழைக்கும். அந்தச் செயற்கூறு நிரலை அங்கேயே நிறுத்திவிடும் என்பது ஃப்ளெக்ஸின் எதிர்பார்ப்பு. ஆனால் கிரப் 2இல் அச்செயற்கூற்றை எழுதியவர்கள், திரையில் ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டுத் திரும்பிவருமாறு எழுதியிருந்தனர். இதனால் பிழைச்செய்தி காட்டிய கையோடு நிரல் தொடர்ந்து ஓடியது. மிக நீளமான அச்சொல்லைச் சிறிய பஃபரில் கொட்டியது. மிகுந்தது பக்கத்து நினைவகத்தில் வழிந்தது. எதை வழியவிடுவது என்பதைக் கோப்பை எழுதியவரே தீர்மானிக்கலாம் என்பதால், அவர் விரும்பிய கட்டளைகளை கிரப்பின் பெயரால் இயக்கிக்கொள்ள முடிந்தது.

இயங்குதளங்களில் இத்தகைய வழிதலைப் பயன்படுத்துவது இன்று எளிதன்று. நினைவக முகவரிகளைக் கலைத்துப்போடுதல், தரவுப் பகுதியிலிருந்து கட்டளைகளை இயக்க விடாமை போன்ற தற்காப்புகள் அங்கே உள்ளன. பூட்லோடர் இயங்கும் நிலையில் அவை பொதுவாக இல்லை.

தாக்குபவர் கிரப்.சிஎஃப்ஜி கோப்பை மாற்றுவதற்கு அக்கணினியில் நிர்வாகி உரிமை வேண்டும், அல்லது கணினி அவர் கையில் இருக்க வேண்டும். நிர்வாகி உரிமையே கிடைத்துவிட்டால் பிறகு பூட்லோடர் எதற்கு என்று மாணவர்கள் கேட்பது உண்டு. நிர்வாகி உரிமையோடு நுழைந்த தீநிரலைக் காவல் மென்பொருள் கண்டுபிடித்து நீக்கக்கூடும். பூட்லோடருக்குள் புகுந்துவிட்ட தீநிரலோ, காவல் மென்பொருளுக்கு முன்பே எழுந்து அதன் கண்ணைக் கட்டிவிடும். இந்தப் படியைத் தடுப்பதற்கென்றே வந்தது செக்யூர் பூட். அதையே பூட்ஹோல் செல்லாக்காசாக்கியது.

திருத்தியபின் தொடங்கிய வேலை

நிரலைத் திருத்துவது இங்கும் சிறிய வேலைதான். மீளமுடியாப் பிழை நேர்ந்தால் உண்மையிலேயே நின்றுவிடுமாறு செயற்கூற்றை மாற்றினார்கள். இதையொட்டி கெனானிக்கல் உள்ளிட்ட நிறுவனங்களின் பாதுகாப்புக் குழுக்கள் கிரப் 2 முழுவதையும் அலசியபோது வேறு ஏழு குறைகள் அகப்பட்டன. அவையும் அதே நாளில் திருத்தத்துடன் வெளியாயின. 2021 மார்ச்சில் மேலும் எட்டுக் குறைகள் அறிவிக்கப்பட்டன. நெடுங்காலம் யாரும் உற்றுப் பார்க்காத வீட்டில் ஒரு கரையான் புற்றைத் தேடப்போய் உத்தரம் முழுவதையும் தட்டிப் பார்க்க நேர்ந்த கதை.

சிக்கல் பழைய பதிப்புகளில் இருந்தது. ஒரு பள்ளியை நினைத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் இட்டு ஓர் அனுமதிச் சீட்டை வழங்குகிறார். பின்னர் அதில் பெரிய பிழை இருப்பது தெரிகிறது. திருத்திய சீட்டைத் தயாரித்து எல்லோருக்கும் கொடுக்கிறார். ஆனால் பழைய சீட்டு யாரோ ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது. வாயிற்காவலர் பார்ப்பது கையொப்பத்தை மட்டுமே. கையொப்பம் பொய்யன்று, உண்மையானது. ஆகவே அவர் உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும்.

கிரப்பின் பழைய பதிப்புகள் இந்தச் சீட்டைப் போன்றவை. தாக்குபவர் குறையுள்ள பழைய கிரப்பையும் அதை ஏற்கும் பழைய ஷிம்மையும் தாமே கொண்டுவந்து, இலக்கான கணினியில் வைத்துவிடலாம். ஒப்பம் சரியாக இருப்பதால் ஃபர்ம்வேர் ஏற்றுக்கொள்ளும். அக்கணினியில் லினக்ஸே இல்லாவிட்டாலும், விண்டோஸ் மட்டும் உள்ள கணினியாக இருந்தாலும், மைக்ரோசாப்டின் பொதுச் சான்றிதழை நம்பும் எதிலும் இது செல்லும். உங்கள் கணினியில் புதிய கிரப்பை நிறுவியிருப்பது இவ்வழியை அடைக்காது.

அடைப்பதற்கு ஒரே வழி, வாயிற்காவலரிடம் ‘இந்தச் சீட்டுகள் செல்லாது’ என்று ஒரு பட்டியல் கொடுப்பது. அதுதான் டிபிஎக்ஸ். குறையுள்ள ஒவ்வொரு நிரலின் ஹேஷ் என்னும் சுருக்க எண்ணும், தேவைப்பட்டால் சான்றிதழும் அதில் சேர்க்கப்படும். இந்தப் பட்டியலும் மென்பொருள் புதுப்பிப்பின் வழியாகவே கணினிக்கு வருகிறது.

இங்கே வரிசைமுறை முக்கியம். புதிய சீட்டுகள் எல்லோருக்கும் போய்ச் சேருமுன் செல்லாத சீட்டுகளின் பட்டியல் வாயிலுக்கு வந்துவிட்டால், காலையில் பள்ளிக்கு வரும் நேர்மையான மாணவர்கள் அனைவரும் வெளியே நிற்பார்கள். கணினியில் வெளியே நிற்பது என்றால், திரையில் ஒரு பிழைச்செய்தியோடு எதுவும் தொடங்காமல் நிற்பது. முதலில் புதிய ஷிம், புதிய கிரப். அவை சரியாகத் தொடங்குகின்றன என்று உறுதியானபின் டிபிஎக்ஸ். நிறுவல் குறுந்தகடுகள், மீட்பு யூஎஸ்பிகள், பழைய காப்புப்படிகள் ஆகியவற்றிலும் பழைய பூட்லோடர்தான் இருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

தொடங்காமல் நின்ற கணினிகள்

பூட்ஹோல் திருத்தம் வெளியான மறுநாளே ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 7, 8 ஆகிய வரிசைகளைப் பயன்படுத்திய பலர், புதுப்பிப்பை நிறுவி மறுதொடக்கம் செய்த கணினிகள் எழவில்லை என்று தெரிவித்தனர். அதே மூலத்திலிருந்து உருவாகும் சென்ட்ஓஎஸ் கணினிகளும் அவ்வாறே நின்றன. தவறு கிரப்பின் திருத்தத்தில் இல்லை. அதனுடன் வந்த புதிய ஷிம்மில் இருந்தது. மறுதொடக்கம் செய்யவேண்டாம், பழைய பதிப்புக்குத் திரும்புங்கள் என்று அறிவுறுத்திய ரெட் ஹேட், சில நாள்களில் சரிசெய்த ஷிம்மை வெளியிட்டது. உபுண்டுவிலும் பழைய பயாஸ் முறையில் தொடங்கும் சில கணினிகளில் சிக்கல் எழுந்து, திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வெளியிடும்படி ஆயிற்று.

வேறு எந்த மென்பொருளின் புதுப்பிப்பு கெட்டாலும் இயங்குதளத்துக்குள் சென்று அதை நீக்கிவிடலாம். பூட்லோடர் கெட்டால் நீக்குவதற்கு உள்ளே போகும் கதவே இல்லை. நிர்வாகிகள் பலர் பூட்லோடர் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடுவதற்கு இந்த அச்சமே காரணம். அதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது.

பிளாக்லோட்டஸ்

தள்ளிப்போடுவதன் விலையும் தெரியவந்தது. 2022 ஜனவரியில் மைக்ரோசாப்ட், விண்டோஸ் பூட் மேனேஜரில் இருந்த சிவிஇ-2022-21894 என்னும் குறையைத் திருத்திப் புதுப்பிப்பை வெளியிட்டது. ஆனால் குறையுள்ள பழைய பூட் மேனேஜர் கோப்புகள் டிபிஎக்ஸில் சேர்க்கப்படவில்லை. அவற்றைச் செல்லாததாக்கினால் உலகெங்கும் உள்ள மீட்பு வட்டுகளும் நிறுவல் யூஎஸ்பிகளும் பயனற்றுப்போகும் என்ற தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே.

அதே ஆண்டு அக்டோபர் முதலே பிளாக்லோட்டஸ் என்னும் பூட்கிட் 5,000 டாலர் விலைக்கு இணையத்தின் கள்ளச்சந்தையில் விற்கப்பட்டது. ஈசெட் நிறுவனம் 2023 மார்ச்சில் அதன் இயக்கத்தை விளக்கி வெளியிட்ட ஆய்வு, முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட விண்டோஸ் 11இலும் செக்யூர் பூட்டைத் தாண்டி அது நுழைவதைக் காட்டியது. எப்படி? குறையுள்ள, ஆனால் உண்மையான மைக்ரோசாப்ட் ஒப்பம் கொண்ட பழைய கோப்பைத் தன்னுடனேயே எடுத்துவந்தது. சட்டைப்பையில் இருந்த பழைய சீட்டு. உள்ளே வந்தபின் பிட்லாக்கர் மறையாக்கத்தையும் விண்டோஸ் டிஃபெண்டரையும் முடக்கியது.

2023 மே மாதம் மைக்ரோசாப்ட் இதற்கான மறுதிருத்தத்தை சிவிஇ-2023-24932 என்ற எண்ணில் வெளியிட்டபோதும், பழையவற்றைச் செல்லாததாக்கும் பகுதியைத் தானாக இயங்கவிடவில்லை. விரும்புவோர் தாமே இயக்கிக்கொள்ளலாம் என்று விட்டு, பல கட்டங்களாகப் பரப்பத் திட்டமிட்டது.

பட்டியலில் இடமில்லை: எஸ்பேட்

டிபிஎக்ஸுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அது தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு நினைவகச் சில்லில் எழுதப்படுகிறது. பெரும்பாலான கணினிகளில் இதற்குக் கிடைக்கும் இடம் சுமார் 32 கிலோபைட் மட்டுமே. ஒரு ஹேஷ் 32 பைட். அதை யார் சேர்த்தார் என்பதற்கான அடையாளம் 16 பைட். ஆகப் பதிவு ஒன்றுக்கு 48 பைட். பூட்ஹோலுக்காக மட்டும் 150 ஹேஷ்களும் மூன்று சான்றிதழ்களும் சேர்க்க வேண்டியிருந்தது. 150 ஹேஷ்களுக்கே 7,200 பைட். சான்றிதழ்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 10 கிலோபைட். ஒரே ஒரு நிகழ்வு மொத்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. இன்னும் இரண்டு பூட்ஹோல் வந்தால் காவலரின் கையேட்டில் எழுத இடமிருக்காது.

இதற்குத் தீர்வாக 2021இல் ஷிம்மின் 15.3 பதிப்பில் எஸ்பேட் என்னும் முறை கொண்டுவரப்பட்டது. பாடநூல்களின் முதல் பக்கத்தில் ‘திருந்திய பதிப்பு’ என்று எண்ணிட்டு அச்சிடுவதைப் போன்றது இது. ஷிம், கிரப் ஆகிய ஒவ்வொரு நிரலும் தன்னுள் தன் பெயரையும் ஒரு தலைமுறை எண்ணையும் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒப்பம் அந்த எண்ணையும் சேர்த்தே காப்பதால் அதை யாரும் மாற்ற முடியாது. பெரிய பாதுகாப்புக் குறை ஒன்று திருத்தப்படும்போது அந்த எண் ஒன்று கூட்டப்படும். செல்லாத ஒவ்வொன்றையும் பட்டியலிடுவதற்குப் பதிலாக, ‘கிரப், குறைந்தது 3’ என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். அதற்குக் கீழ் உள்ள பதிப்புகள், யார் தொகுத்ததாயினும், எத்தனை இருந்தாலும், ஷிம்மால் மறுக்கப்படும். நூற்றுக்கணக்கான ஹேஷ்கள் செய்த வேலையைச் சில பைட்டுகள் செய்கின்றன.

எஸ்பேட்டைச் சரிபார்ப்பது ஃபர்ம்வேர் அன்று, ஷிம். எனவே எஸ்பேட் அறியாத பழைய ஷிம்களை டிபிஎக்ஸின் வழியாக நீக்கியாக வேண்டும் என்பது இதன் எல்லை.

2024 ஆகஸ்ட்

2022 நவம்பரில், கிரப் 2 எழுத்துருக்களைக் கையாளும் பகுதியில் சிவிஇ-2022-2601 என்னும் பஃபர் வழிதல் குறை அறிவிக்கப்பட்டது. லினக்ஸ் வழங்கல்கள் திருத்தங்களை வெளியிட்டன. பழைய கிரப்பை மறுக்கும் எஸ்பேட் வரியை 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் மாதாந்திரப் புதுப்பிப்பு கணினிகளில் எழுதியது. லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்திருக்கும் இரட்டைத் தொடக்கக் கணினிகளில் இது செயற்படாது என்று மைக்ரோசாப்ட் அறிவித்திருந்தது. ஆனால் சில வகை அமைப்புகளை இரட்டைத் தொடக்கம் என்று அந்தப் புதுப்பிப்பால் இனங்காண முடியவில்லை. அவற்றில் எஸ்பேட் வரி எழுதப்பட்டது. மறுமுறை லினக்ஸைத் தொடங்கியோர் ‘ஏதோ பெருந்தவறு நேர்ந்துவிட்டது’ என்ற பொருள்படும் செய்தியைக் கண்டனர். கணினி அணைந்தது.

தவறு யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. திருத்தம் வந்து ஏறத்தாழ 21 மாதங்கள் ஆகியும் பழைய கிரப், ஷிம் கோப்புகளைக் கொண்டிருந்த லினக்ஸ் வழங்கல்களுக்கும் பங்கு உண்டு. பிறர் வீட்டுக் கதவைப் பூட்டுமுன் உள்ளே யாரேனும் இருக்கிறார்களா என்று சரியாகப் பார்க்காதவர்க்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. பாதிக்கப்பட்டோர் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் சென்று, மோக்யூட்டில் என்ற கருவியால் எஸ்பேட் கொள்கையை அழித்து, மீண்டும் செக்யூர் பூட்டை இயக்கி மீண்டனர். செப்டம்பர் மாதப் புதுப்பிப்பிலிருந்து அந்த அமைவு நீக்கப்பட்டது.

பயனர் கவனிக்க வேண்டியவை

பூட்லோடர், ஷிம், டிபிஎக்ஸ் தொடர்பான புதுப்பிப்புகளைத் தவிர்க்க வேண்டாம். ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில் நிறுவவும் வேண்டாம். இரட்டைத் தொடக்கக் கணினி வைத்திருப்போர் முதலில் லினக்ஸைத் தொடங்கி அதன் புதுப்பிப்புகளை முடித்துவிட்டு, பிறகு விண்டோஸ் புதுப்பிப்பை நிறுவுவது நல்லது. மேலே சொன்ன வரிசைமுறை இதனால் தானாகவே காக்கப்படும். லினக்ஸில் டிபிஎக்ஸைப் புதுப்பிக்க எஃப்டபிள்யூஅப்டி என்னும் சேவை உதவுகிறது.

பிட்லாக்கர் பயன்படுத்துவோர் அதன் மீட்புத் திறவுகோலைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். செக்யூர் பூட் அமைவு மாறினால் கணினி அத்திறவுகோலைக் கேட்பது வழக்கம். கேட்கும்போது அது அதே கணினிக்குள் ஒரு கோப்பில் இருந்தால் பயனில்லை. அண்மைய பதிப்பில் உருவாக்கிய ஒரு நிறுவல் யூஎஸ்பியும் கைவசம் இருக்கட்டும். சில ஆண்டுகளுக்கு முன் செய்துவைத்த யூஎஸ்பி, புதிய டிபிஎக்ஸுக்குப் பின் தொடங்காமல் போகலாம்.

தொல்லை தாங்காமல் செக்யூர் பூட்டை நிரந்தரமாக நிறுத்திவைப்போர் உண்டு. இணையத்தில் பல வழிகாட்டிகள் முதல் அறிவுரையாகவே அதைத் தருகின்றன. சிக்கலைத் தீர்க்க ஓரிரு நிமிடம் நிறுத்துவது வேறு, அப்படியே விட்டுவிடுவது வேறு. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் சாளரத்தில் செக்யூர் பூட் நிலை காட்டப்படும். லினக்ஸில் மோக்யூட்டில் கருவியே அதைச் சொல்லும்.

எல்லா பூட்லோடர் குறைகளையும் புதுப்பிப்பால் திருத்த முடியாது என்பதையும் அறிய வேண்டும். ஐபோன்களில் தொடக்க நிரலின் முதற்பகுதி சில்லிலேயே அழியாமல் பொறிக்கப்பட்டுள்ளது. 2019இல் செக்எம்8 என்ற குறை அப்பகுதியில் கண்டறியப்பட்டபோது, ஏ5 முதல் ஏ11 வரையிலான சில்லுகள் கொண்ட கருவிகளை மென்பொருளால் சரிசெய்ய வழியில்லாமல் போயிற்று. கிரப், ஷிம் முதலியன வன்தட்டில் இருப்பதால் அந்த நிலை இங்கு இல்லை.

செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாப்ட் 2011இல் உருவாக்கிய சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலும் அக்டோபரிலும் முடிகிறது. அவற்றுக்கு மாற்றாக 2023இல் உருவாக்கப்பட்ட சான்றிதழ்களும் புதுப்பிப்புகள் வழியாகவே கணினியின் ஃபர்ம்வேரைச் சென்றடைய வேண்டும். சென்றடையாத கணினி வழக்கம்போல் தொடங்கும். ஆனால் புதிய சான்றிதழால் மட்டுமே ஒப்பமிடப்பட்டு வரும் பூட்லோடர் திருத்தங்களை அதனால் ஏற்க இயலாது.